ஏனென்றால்

"நான் மாறுபடுகிறேன்."

சொன்னது யார் என்று டீச்சருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

மூன்றாம் வரிசையில், ஜன்னலோரம், அந்தச் சிறுமி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வகுப்பே அவளை உம்மணாமூஞ்சி என்றுதான் கூப்பிடும். சேர்ந்து நாற்பது நாளாகிறது. பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காமல் கையைத்தான் தூக்குவாள்.



வாரக் கடைசிக்குள் தலைமை ஆசிரியைக்கு அவளைப் பற்றிய படிவம் போயாக வேண்டும். அதில் இரண்டே கட்டம். விவாதத்தில் பேசினாளா? காரணம் சொன்னாளா? இரண்டும் காலியாக இருந்தால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தனி வகுப்புக்கு அவளை அனுப்பிவிடுவார்கள். அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததை டீச்சர் பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை.

சுவரில் வண்ண அட்டைகள் இருந்தன. நான் உடன்படுகிறேன், ஏனென்றால். நான் மாறுபடுகிறேன், ஏனென்றால். நீ சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கத்தாமல், அழாமல், போடா வாடா இல்லாமல் பிள்ளைகள் கருத்துச் சொல்லிப் பழகட்டும் என்று டீச்சர் தன் கையால் எழுதி ஒட்டியவை.

முதல் தடவை ஓர் அட்டையைச் சரியாகச் சொல்கிற பிள்ளைக்கு வகுப்பே கைதட்ட வேண்டும். அதுவும் டீச்சர் வைத்த வழக்கம்தான்.

பெருமழை நாளில் பள்ளிக்கு விடுமுறை வேண்டுமா என்பது அன்றைய விவாதம். வேண்டாம் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது? மற்ற முப்பது பேரும் உடன்பட்டாயிற்று.

"டீச்சர், மழை பெய்யாட்டியும் நாங்க உடன்படுறோம்" என்றான் முன் வரிசை வாயாடி. எல்லோரும் சிரித்து ஓய்ந்த நேரத்தில்தான் அவள் எழுந்தாள்.

"நான் மாறுபடுகிறேன். ஏனென்றால்…"

டீச்சரின் கைகள் தாமாகவே தட்டிவிட்டன.

அவ்வளவுதான். வகுப்பு பிடித்துக்கொண்டது. பெஞ்சைத் தட்டி, தரையை உதைத்து, ஒரே அமர்க்களம். "டேய், உம்மணாமூஞ்சி பேசிருச்சுடா" என்று யாரோ கூவினார்கள்.

சிறுமியின் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது.

பிறகு மூடிக்கொண்டது. அவள் உட்கார்ந்தாள். மணி அடித்தது.

டீச்சர் முதல் கட்டத்தில் டிக் போட்டார். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலேயே இரண்டாவதிலும் போட்டார். காரணம் வாய் வரைக்கும் வந்துவிட்டதுதானே, நாளைக்குக் கேட்டுக்கொண்டால் போகிறது.

மறுநாள் கேட்கவில்லை. மறுநாள் வேறு வேலை இருந்தது. விவாதத்தின் முடிவை விண்ணப்பமாக எழுதிப் பிள்ளைகள் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். சிறுமிதான் கடைசி. பேனாவை வாங்கிக்கொண்டு டீச்சரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

டீச்சர் புன்னகையோடு தலையாட்டினார். அவள் கையெழுத்திட்டாள்.

தலைமை ஆசிரியைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நாலாம் வகுப்புப் பிள்ளைங்க எழுதினதுன்னு சொன்னா யார் நம்புவா? பெருமழைன்னா லீவு விட்டுடலாம். அது சரி, ஒருத்தி மட்டும் வேணாம்னாளாமே, என்ன காரணமாம்?"

டீச்சரின் கண் மேஜைமேல் இருந்த படிவத்துக்குப் போனது.

"பெரிசா ஒண்ணுமில்லை மேடம். சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடம்னா ஆசை, அதான்."

மூன்று வாரம் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பள்ளி மூடிக் கிடந்தது. டீச்சர் கால்வரை போர்த்திக்கொண்டு, நெடுநாளாகப் படிக்க நினைத்த புத்தகம் ஒன்றைப் படித்து முடித்தார்.

நான்காம் நாள் காலையில் சிறுமியின் அம்மா, தையல் ஆலைச் சீருடையோடு, மகளைப் பள்ளி வாசலுக்குள் அனுப்பிவிட்டு நின்றாள்.

"இனிமே லீவுன்னா முந்தின நாளே சொல்லிடுங்க டீச்சர். எங்க வீடு வாய்க்காலை ஒட்டி இருக்கு. ஒரு மழைக்கே முழங்கால் தண்ணி உள்ள வந்துடும். ஸ்கூல் இருந்தா இவளை இங்க விட்டுட்டு நிம்மதியா வேலைக்குப் போவேன். இந்த மூணு நாளும் கட்டிலுக்கு அடியில செங்கல் கொடுத்து, இவளை மேல உட்கார வச்சு, வெளிய பூட்டிட்டுப் போனேன். நான் வர்ற வரைக்கும் இறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டு."

குறையாகச் சொல்லவில்லை. பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

டீச்சர் அங்கேயே நின்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வகுப்பில் சிறுமி தன் இடத்தில் இருந்தாள். டீச்சர் அவள் பெஞ்சின் அருகே குனிந்தார்.

"அன்னைக்கு என்னவோ காரணம் சொல்ல வந்தியேம்மா. இப்பச் சொல்லு கண்ணு. முழுசாச் சொல்லு. நான் கேக்குறேன்."

சிறுமி எழுந்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தபடி நேராக நின்றாள். வகுப்பின் பக்கம் திரும்பினாள். குரல் கடைசி பெஞ்சுவரை தெளிவாகக் கேட்டது.

"நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், டீச்சர். எல்லோரும் சொன்னதே சரி."

அந்த வாக்கியம் அடுத்த மாதப் பாடம். அந்த அட்டையை டீச்சர் இன்னும் எழுதியிருக்கவில்லை.