முந்நூற்று அறுபத்து நான்காம் நாள்

“பைக்குள்ள என்னடா திருடி வச்சிருக்க?” என்று கேட்டான் நார்ம். “ஹீட்டர் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு ஜாக்கெட்டக் கழட்ட மாட்டேங்குற!”

பட்டறையின் சாப்பாட்டு அறையே சிரித்தது. டௌனோவும் சேர்ந்து சிரித்து வைத்தான். வலது கையை மட்டும் ஜாக்கெட் பையிலிருந்து எடுக்கவில்லை. ஏலக்காய் ரொட்டியை இடது கையாலேயே பிய்த்துத் தின்றான்.

பைக்குள் திருட்டுப் பொருள் எதுவும் இல்லை. துணி சுற்றிய, நசுங்கிய இரண்டு விரல்கள்தான் இருந்தன.

காலை பத்து மணிக்கு நாலாம் மேடையில், சுரங்கத்தில் கல் அள்ளும் வண்டியின் இரும்பு வாளியைச் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டிருந்தான். நேற்று ஃபோர்மேன் ரெஜான் அதே கப்பியில் இறக்கி வைத்த வாளியின் ஜோடி அது. அடியில் கட்டை வைக்கும்போது கப்பியின் பிரேக் வழுக்கி வாளி இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. பக்கத்தில் யாருமில்லை. இடது கையால் சங்கிலியை இழுத்து வாளியைத் தூக்கித்தான் விரல்களை உருவினான். உயிரே போனது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் சுவரில் தொங்கும் அந்தப் பாழாய்ப்போன பலகையால் வந்தது. ‘விபத்தில்லாமல் 364 நாள்.’ நாளையோடு ஒரு வருடம் முடிந்தால் முப்பத்தேழு பேருக்கும் பெயர் தைத்த தோல் ஜாக்கெட், கூடவே மாட்டுக்கறி விருந்து. போன தடவை 211-ஆம் நாளில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு பலகையைப் பூஜ்யமாக்கிய காஸ்டன் இன்றுவரை தனியாகத்தான் சாப்பிடுகிறான். இத்தனையும் பாதுகாப்புக்காகவாம்!

மூன்று மணிக்கு டௌனோவின் ஷிப்ட் முடியும். ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் ரெஜான் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை குலுக்குவார். பெரியவர் விரல் எண்ணுகிறார் என்று கேலி செய்வார்கள். உண்மையிலேயே எண்ணத்தான் செய்வார்.

மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்த் துணியை மாற்றினான். கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தான் என்பதற்குக் கணக்கே இல்லை.

மணி மூன்று. ரெஜான் இடது கையில் காபிக் கோப்பையோடு வாசலில் நின்றார். காலையில் போலவே தலையை மட்டும் ஆட்டி எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்தார். கனடாவின் சட்பரியில் அன்று மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. திறந்த கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் பையிலிருந்து கையை எடுப்பாரா? பிழைத்தேன் என்று டௌனோ வெளியே பாய்ந்தான்.

எதிரே அவன் மனைவி கோலெட் வந்தாள். அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். இருவருக்கும் ஒரே கார், இந்த வாசலில்தான் தினமும் சாவி கைமாறும்.

“பிடி!” என்று வீசினாள். சாவி பனியில் விழுந்து புதைந்தது.

“நீயெல்லாம் ஹாக்கில கோல்கீப்பரா நின்னவன்னு வெளிய சொல்லிக்காத!”

“குளிர்டி. விரல் மரத்துப்போச்சு.”

“சூப் அடுப்புல இருக்கு. நாலாம் மேடையில எவ்வளவு மிச்சம்?”

“ஒரு வாளி.”

“நான் இறக்கிடறேன்.” கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

காரில் உட்கார்ந்து இடது கையால் சாவியைத் திருகினான். இஞ்சின் உறுமியது, அணைத்தான். மறுபடி திருகினான், மறுபடி அணைத்தான். முப்பத்தேழு ஜாக்கெட்டுகளையும் வரிசையாக நினைத்துப் பார்த்தான். அந்த வாளிக்கு அடியில் கட்டை வைக்கும் கோலெட்டின் கையையும் நினைத்தான். கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினான்.

“கோலெட்! தொடாத! தள்ளி நில்லு!”

சங்கிலியில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். வேலை மொத்தமும் நின்றது. ரெஜான் வேகமாக வந்தார்.

டௌனோ கையை வெளியே எடுத்துத் துணியைப் பிரித்தான். கோலெட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க பாஸ். இதோட பிரேக் வழுக்குது. காலையில வாளி என் கைமேல இறங்கிடுச்சு. எல்லாருக்கும் ஜாக்கெட் போச்சு, நார்ம் என்னை உயிரோட விடமாட்டான். பரவாயில்ல. பலகையில பூஜ்யம் போட்டுடுங்க.”

ரெஜான் நசுங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. காபிக் கோப்பையைத் தரையில் வைத்தார். பிறகு, அன்றைக்கு முதல் முறையாக, வலது கையைப் பையிலிருந்து எடுத்தார். மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது.

“நேத்தே என் கைமேல இறங்கிடுச்சுடா.”