வாசலில் நுழையாத விமானம்

ரிமோட்டில் பறக்கும் பெரிய பொம்மை விமானத்தை ஆவுடையப்பன் மாடி அறையில் பாகம் பாகமாகச் சேர்த்தார். இறக்கைகளைப் பசை வைத்து ஒட்டி முடித்ததும் சுவரிலிருந்த பல்லி சிரித்தது.

"எதுக்குச் சிரிக்கிறே?" என்றது விமானம்.

"நீ இந்த வாசல்ல நுழைய மாட்டே. எனக்கு முதல்லயே தெரியும்."

"ஒரு சத்தம் கொடுத்திருந்தா, சகுனம் சரியில்லைன்னு நிறுத்தியிருப்பாரே!"

"அப்புறம் வேடிக்கை ஏது?"

பறக்கவிடும் நாளில் ஆவுடையப்பன் விமானத்தைச் சாய்த்தும் திருப்பியும் பார்த்தார். இறக்கை வாசலில் இடித்தது. கீழே போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"உன் இறக்கை போச்சு" என்றது பல்லி.

கடப்பாரை பெரிய ஜன்னலின் சட்டத்தைப் பெயர்த்தது. அதன் இடுக்கில்தான் பல்லி குடியிருந்தது.

விமானம் ஜன்னல் வழியே வெளியே போனது. வானத்தில் வட்டமடித்தபோது மாடியைப் பார்த்தது. வாலை இழந்த பல்லி, வெறும் சுவரில் இடம் தேடிக்கொண்டிருந்தது.