பச்சைச் சேலைக்காரி

ஜன்னல்களைச் சாத்தியதும் ஆய்வகம் பகலிலேயே அரைத்தூக்கத்துக்குப் போய்விட்டது.

அனுசுயா பர்னரைப் பற்றவைத்தாள். நீலச் சுடர் மெல்லச் சீறியது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் வேறு அரவமே இல்லை.

நாளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு. இரண்டு குப்பிகளின் லேபிளைப் பூச்சி அரித்துத் தொலைத்திருந்தது. ஒன்றில் பேரியம் உப்பு, மற்றதில் கால்சியம் உப்பு. எதில் எது என்று அந்தப் பூச்சியைத்தான் கேட்க வேண்டும்.

மேசைக்கு அடியில் அவளுடைய பை இருந்தது. மாற்றுத் துணி கொஞ்சம், ஒரு பழைய சேலை. ஆண்டிபட்டியில் அம்மா வீட்டுக்குப் போகிற சாயங்கால பஸ்ஸை மனதில் வைத்துக் கட்டிய பை.

எதிரே ஸ்டூலில் அவள் கணவன் வேல்பாண்டி, ஒரு குலை பன்னீர் திராட்சையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வந்தவன். பையைப் பார்க்கவில்லை.

அனுமந்தன்பட்டியில் அவனுக்குத் திராட்சைத் தோட்டம். குலைக்கு ஒரு பழம் கடித்துப் பார்க்காமல் கத்தரி வைக்க மாட்டான். பழுத்தது பார்த்தாலே தெரியாதா என்று அவள் கேலி செய்திருக்கிறாள். அதெல்லாம் சிரிக்க முடிந்த காலத்தில்.

கல்யாணமான புதிதில் அவன்தான் அந்தக் கதையைச் சொன்னான். அவள் வேலையில் சேர உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய அன்றே பார்த்துவிட்டானாம். பச்சைச் சேலையில் அவள் இறங்குவது இன்னும் கனவில் வருகிறதாம்.

அன்று அவள் கட்டியிருந்தது செங்கல் சிவப்பு. பஸ் படியில் மாட்டி முந்தானை கிழிந்ததால் மறக்க வழியில்லை. கிழிந்த சேலை அன்றைக்கே பெட்டியின் அடிக்குப் போய்விட்டது. பச்சையில் அவளிடம் ஒரு சேலைகூடக் கிடையாது.

மறதி என்று விட்டாள். அவன் விடவில்லை. கொஞ்சும்போதெல்லாம் பச்சைச் சேலை. நிஜமாகவே பச்சையா என்று கேட்டதற்கு, சாமி சத்தியமாகப் பச்சை என்றான்.

அப்படியானால் அன்று அவன் மனதில் இறங்கியவள் வேறு ஒருத்தி. கட்டிக்கொண்டது என்னை, கனவு காண்பது அவளை. முகம் தெரியாத அந்தச் சக்களத்தியை நினைத்து நினைத்து அனுசுயாவுக்கு வயிறு எரிந்தது.

இன்று கேட்டுவிடுவது. பையில் இருக்கிற அந்தக் கிழிந்த சேலையை அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவது. பதில் சொல்ல முடியாமல் விழித்தான் என்றால், பஸ்.

ஆனால், வேலை முடியட்டும் என்று உப்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இரண்டுமே தண்ணீரில் கரைந்தன. அமோனியம் கார்பனேட் விட்டதும் இரண்டிலும் வெள்ளை வெளேரென்று ஒரே வீழ்படிவு. அடியில் மெதுவாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. இனிமேல் சுடர்தான் சொல்ல வேண்டும்.

முதல் உப்பில் தோய்த்த கம்பியைச் சுடரில் நீட்டினாள்.

பச்சை பூத்தது. கொழுந்து இலையின் பச்சை. பேரியம். குப்பிகள், சுவர், வேல்பாண்டியின் நெற்றி எல்லாம் ஒரு கணம் அந்தப் பச்சைக்குள் மிதந்தன. அதற்குள்ளிருந்து யாரோ ஒருத்தி பஸ்ஸை விட்டு இறங்கி வருவது போலிருந்தது அவளுக்கு.

கண்ணை மூடித் திறந்து, அடுத்த கம்பியை நீட்டினாள்.

செங்கல் சிவப்பு. கால்சியம். பெட்டியின் அடியில் கிடந்த சேலையின் அதே நிறம்.

இப்போது கேட்டுவிடலாம் என்று அவள் நிமிர்ந்தாள்.

வேல்பாண்டி ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு முந்திக்கொண்டான். "இதத்தான இப்பக் காட்டுன? ரெண்டும் ஒரே கலரு. இதுல என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?"

கம்பி அவள் கையில் அப்படியே நின்றது.

விளையாடுகிறானோ என்று பார்த்தாள். இல்லை. சாவகாசமாக மென்றுகொண்டிருந்தான். மறுபடி பச்சையைக் காட்டினாள், மறுபடி சிவப்பைக் காட்டினாள். அவனுக்குக் கொட்டாவி வந்தது.

குலைக்கு ஒரு பழம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் பர்னரை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். வெயில் உள்ளே வந்து விழுந்தது.

பையிலிருந்து சேலையை எடுத்து, அந்தப் பட்டப்பகல் வெளிச்சத்தில், அவன் மடியில் விரித்தாள்.

வேல்பாண்டி மெல்லுவதை நிறுத்தினான். முந்தானையைக் கையில் எடுத்தான். அவன் முகம் முழுக்க மலர்ந்தது.

"அட, இதேதான்! இம்புட்டு நாளா எங்கன வச்சிருந்த, இந்தப் பச்சைச் சேலைய?"