பச்சை படியாத இடம்

திரையில் அவர் கால் மெல்லச் சுழன்றது.

தோலும் சதையும் இல்லாத வெறும் எலும்புக் கால். கல்யாணமாகி முப்பது வருடத்தில் பேச்சியம்மாள் பார்த்திராத கால். ஆனாலும் அவருடையதுதான். பஸ்ஸில் ஆக்ஸிலேட்டர் மிதித்து மிதித்து, வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது.

பெருவிரல் மூட்டைச் சுற்றிப் பச்சை.

"இந்தப் பச்சைதான் உப்பு," என்றார் டாக்டர். அவள் மகள் வயதுதான் இருக்கும்.

ரத்தத்தில் கரைந்து ஓடுகிற யூரிக் அமிலம் அளவு மீறினால், பாகு ஆறும்போது கற்கண்டு கட்டுவதுபோலக் கட்டிவிடுமாம். அதுவும் உடம்பில் சூடு குறைந்த இடமாகப் பார்த்து. கால்விரல், கணுக்கால், முழங்கை. நெஞ்சுக்குத் தூரமான இடங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாக. இந்த ஸ்கேன் இரண்டு விதக் கதிர்களை அனுப்புகிறது. எது எலும்பு, எது உப்பு என்று அவை பிரித்துச் சொல்லிவிடும். உப்புக்கு மட்டும் பச்சை பூசிக் காட்டுகிறது.

பேச்சியம்மாளுக்கு அதெல்லாம் புரிந்தது.

அவளுக்குத் தெரியவேண்டியது கை.

இடது கை. அதுவும் வலிக்கிறது என்கிறார். பாபநாசம் பஸ் ஓட்டுகிறவருக்குக் கியர் போடுகிற கை. அதிலும் உப்பு ஏறியிருந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டெப்போ கேட்டில் வாட்ச்மேனாக உட்காரவைத்துவிடுவார்கள். அதை அவர் தாங்கமாட்டார்.

வெளியே பெஞ்சில் இருக்கிறார். "நீ போய்க் கேளுட்டி. என் எலும்ப நானே பாக்கணுமாக்கும்," என்று சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பயம்.

டாக்டர் அடுத்த படத்தைத் திறந்தார்.

ஐந்து விரல் நுனிகளிலும் பச்சை.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, பயப்படாதீங்கம்மா. அது நகம். நகத்த மட்டும் மெஷின் உப்புன்னு தப்பா நெனச்சுக்கும். என் கைய வச்சாலும் இப்படித்தான் வரும்." மணிக்கட்டைப் பெரிதாக்கிக் காட்டினார். "இங்க பாருங்க. துளிகூட பச்சை இல்ல. அழுத்திப் பாத்தப்பவும் வீக்கம் இல்ல. வலிக்கக் காரணமே இல்ல."

அவளுக்கு மூச்சு வந்தது.

மூச்சுக்குப் பின்னால்தான் யோசனை வந்தது.

காரணமே இல்லையா?

ஒரு வருடமாக, டியூட்டி முடிந்து வந்ததும் அந்தக் கையை அவள் மடியில் வைத்துவிடுகிறார். "வலிக்கி. கொஞ்சம் பிடிச்சு விடுட்டி." அவள் பிடித்துவிடுவாள். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். போதும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கால் வீங்கும் நாட்களில் போர்வை நுனி பட்டாலே கத்துவார். அவள் கிட்டே போனாலே, "தொடாத, தொடாத."

பச்சை இருக்கிற ஓர் இடத்தைக்கூட அவர் அவளைத் தொடவிட்டதில்லை.

கைவலி எப்போது ஆரம்பித்தது?

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வாரம்.

"சங்கரபாண்டியன், உள்ள வாங்க," என்று வெளியே கூப்பிட்டார் டாக்டர்.

அவர் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தார். மனைவியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

டாக்டர் காலைக் காட்டிச் சொன்னார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் இந்தப் பச்சை கரையும். மெதுவாகத்தான் கரையும். ஆனால் கரையும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்புறம், கை. நல்ல சேதிதான். சுத்தமா இருக்கு. தாராளமா கியர் போடுங்க. வலின்னு சொன்னீங்களே, அதுதான் எங்கன்னு..."

அவர் பேச்சியம்மாளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தார்.

இடது கையை மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

டாக்டர் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பேச்சியம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"தெனம் தேச்சுவிடுத மாதிரி ஒரு தைலம் எழுதுங்க டாக்டர். அவுக கைக்கு."