கண்ணாடிக்குள் ஒரு ஜோடி

நெடுஞ்சாலையோர நினைவகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் தலைவரின் செருப்பு, மாலையோடு. 'மக்களுக்காகத் தேய்ந்தவை' என்றது பலகை. மருதப்பன் குனிந்து பார்த்தார். இடது வாரில் நீல நூல். அவரே போட்ட தையல். தலைவருக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாக நடந்து அவர் தேய்த்த செருப்பு. மகள் கல்யாணத்துக்குத் தலைவர் வந்துபோன அன்றைக்கு மண்டபத்து வாசலில் காணாமல்போனது.

"வடிவு, இது என்னோடது."

"மூச்சு விடாதீங்க," என்றாள் மனைவி. "பின்னால வரிசை நிக்குது. கும்பிட்டு நகருங்க."

கும்பிட்டார். கைகள் பிரிய நேரமானது. வெளியே வந்து, கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நடந்தார்.

"ஐயா, செருப்பை விட்டுட்டுப் போறீங்களே!" காவலாளி கத்தினார்.

"இருக்கட்டும்ப்பா. அடுத்த தலைவருக்கு ஆகும்."