சலுகை

"டீச்சர், தண்ணி குடிச்சுக்கட்டுமா?"

"இப்பத்தானே குடிச்சே? உட்காரு."

பத்து நிமிடத்தில் மூன்றாவது பெஞ்சிலிருந்து அதே கை மறுபடி உயர்ந்தது. "டீச்சர், பாத்ரூம்..."

"கணக்கு பீரியட்னாலே உனக்கு ஏதாவது ஒண்ணு வந்துடும். மணி அடிக்கட்டும்."

வகுப்பே சிரித்தது. யாருக்கும் சலுகை காட்டாதவர் என்று டீச்சருக்குப் பள்ளியில் நல்ல பெயர்.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து ஓட, கை உயர்த்தியவள் மட்டும் பெஞ்சில் தலை சாய்ந்து கிடந்தாள். டீச்சர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருக்கு" என்றார் டாக்டர்.

"எட்டு வயசுலயா?"

"குழந்தைங்களுக்கும் வரும். இனி தினமும் இன்சுலின் போடணும். அடங்காத தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, உடம்பு இளைப்பு... சில வாரமாவே இருந்திருக்குமே. இவ அம்மா கவனிக்கலையா?"

டீச்சர் கட்டிலருகே போய் நின்றார்.

"நான்தான் இவ அம்மா, டாக்டர். எல்லாம் சாக்குன்னு நினைச்சேன். வகுப்புல எம் பொண்ணுக்கு மட்டும் சலுகைன்னு பேர் வந்துடக் கூடாதேன்னு..."

கட்டிலில் குழந்தை கண் திறந்தாள். எதிரே அம்மாவைப் பார்த்ததும், ஊசி குத்தியிருந்த கையை மெல்ல உயர்த்தினாள்.

"டீச்சர், மணி அடிச்சிடுச்சா? இப்ப தண்ணி குடிக்கலாமா?"