ஒச்சம்மாவின் கையில் அட்சதை

கடல் தாண்டிய தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் ஒச்சம்மாவின் முன்னறை. மழை வெளிச்சம் டிவிக் கண்ணாடியில் சாம்பலாகக் கிடக்கிறது. புயலில் கப்பல் கிளம்பாததால் மதுரையில் நடந்த மகள் பானுவின் கல்யாணத்துக்கு அவளால் போக முடியவில்லை. கல்யாண டிஸ்க் மட்டும் இன்றைய கப்பலில் வந்திருக்கிறது. தாலி கட்டும்போது தூவுவதற்கென்று மஞ்சள் அரிசியை வலது கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் வீட்டு டிவிடி பிளேயர் உப்புக் காற்றில் செத்துப்போனதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் டிவியில் மாட்டினால் படமும் ஓடும் கேம் பெட்டியை ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவர்கள் போல ஒருவர் பெட்டியை மற்றவர் குறை சொல்கிறார்கள். "என் கறுப்புப் பொட்டி மூச்சு விடுறதுகூடக் கேக்காது" என்கிறார் சந்திரமோகன். அது டிஸ்க்கை மூன்று முறை விழுங்கி மூன்று முறையும் துப்புகிறது. "சத்தமும் வராது, படமும் வராது. நல்ல பொருத்தம்யா!" என்று ஆவுடையப்பன் தன் வெள்ளைப் பெட்டியில் அதைப் போடுகிறார். பெட்டி இரைகிறது. "அரே பாய், இது பொட்டியா, கப்பல் இன்ஜினா?" என்கிறார் சந்திரமோகன். ஒச்சம்மா டிவிக்குப் பக்கமாக நகர்ந்து உட்காருகிறாள். திரை நீலமாகி, கறுத்து, பிறகு மணவறையில் பானு தெரிகிறாள். பல் தெரியச் சிரிக்கிறாள். "சிரிக்கிறா, பாருங்கய்யா! நான் வரலைன்னு அழுதுருப்பாளோன்னு கெடந்தேன்." கெட்டிமேளம் எழுகிறது, பெட்டியின் இரைச்சல் அதற்குள் அமுங்கிப்போகிறது. ஒச்சம்மா திரையைப் பார்த்து அரிசியை வீசுகிறாள். ஆவுடையப்பன் பதறிப்போய்த் தன் பெட்டியின் காற்றுத் துளைகளைத் துண்டால் மூடுகிறார். வியர்வையில் பாதி அரிசி அவள் உள்ளங்கையிலேயே ஒட்டியிருக்கிறது. சந்திரமோகன் கையை நீட்டுகிறார். "மிச்சத்தை இங்க குடுங்கக்கா, நானும் போடுறேன்."